பாட்டாவுக்கு மம்பட்டி அடித்துக் கொடுத்த பட்டறை

மம்பட்டிக்கு, அதாவது மண்வெட்டிக்கு, யாராவது ரிவ்யூ எழுதுவார்களா என்று தம்பி கேட்டான். ஏர் ஃப்ரையருக்கு எழுதுகிறார்கள், செல்போன் உறைக்கு எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் விட அதிக மணி நேரம் ஓடுகிற சாமான் மம்பட்டிதான். அதற்கு எழுதாமல் வேறு எதற்கு எழுதுவது?

பட்டறை, கன்னியாகுமரி மாவட்டத்தில் பூதப்பாண்டியிலிருந்து திட்டுவிளைக்குப் போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. போர்டு கிடையாது. கூகுள் மேப்பில் தேடினால் ஒரு வெல்டிங் கடையைக் காட்டும், அது இல்லை. ஒரு புளியமரம், அதன் கீழே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கூரைக்கு வெளியே இடுப்பளவு குவிந்த தேங்காய்ச் சிரட்டை. அந்தச் சிரட்டைதான் அடையாளம். பெயரும் போன் நம்பரும் போடட்டுமா என்று ஆசாரியிடம் கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம் பிள்ளே, இப்பமே வந்து குமியுது" என்றார். நான் அங்கே இருந்த ஒன்றரை மணி நேரத்தில் வந்தது மூன்று பேர். அதில் ஒருவர் தீப்பெட்டி கேட்டு வந்தவர். ஆனாலும் அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், பெயர் போடவில்லை.

மம்பட்டி யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பட்டறையின் அருமை புரியாது.

பாட்டா என் அப்பாவின் அப்பா. ஆதார் அட்டைப்படி 1937 ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர், அதாவது 88 வயது. அந்தக் காலத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் ஜனவரி 1ஆம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள், எனவே ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே இருக்கும். "சக்கரத்துல கூலி வாங்கினவன்டி நான்" என்பார். திருவிதாங்கூர் ராஜா காலத்துக் காசு அது, 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு ரூபாய். நாலாங்கிளாசோடு பள்ளிக்கூடம் முடிந்து மாடு மேய்த்து, பிறகு மம்பட்டி பிடித்தவர். 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஸ்கூல் ப்ராஜெக்டுக்காக ஒருதரம் கேட்டிருக்கிறேன். ஊர்வலம், கொடி, வெடி என்று ஏதாவது வரும் என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "கும்பப்பூ நடவு. தொழியில நின்னேன்" என்றார். கும்பப்பூ என்பது வருடத்தின் இரண்டாவது நெல் போகம், தொழி என்பது சேற்று வயல். அவ்வளவுதான். மீதியை நானே எழுதிச் சேர்த்துக் கொடுத்தேன்.

இன்றைக்கும் 60 சென்ட் வயலும் 40 சென்ட் விளையும், அதாவது தோட்டமும், அவர் பொறுப்பில்தான். வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். இப்போது நிற்பது திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்து நெல், டிபிஎஸ் 5. விளையில் தென்னையும் ஏத்தன் வாழையும் கொஞ்சம் மட்டி வாழையும். பேச்சிப்பாறை அணை திறந்தால் சானல் வழியாகக் குளத்துக்கு வந்து, குளத்து மடையிலிருந்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரவேண்டும். வழியில் இருந்த வயல்கள் பலவும் கல் நட்டு மனையாகிவிட்டன. நடுவில் இரண்டு காம்பவுண்ட் சுவர். அந்தச் சுவர்களைச் சுற்றி பாட்டா தன் கையால் வெட்டிய வாய்க்கால் ஒன்று உண்டு, ஒரு முழ அகலம். ஒரு மழை பெய்தால் அடைந்துபோகும், அவர் போய்த் தோண்டுவார். மறுபடி அடையும், மறுபடி தோண்டுவார்.

உழவுக்கு டிராக்டரும் அறுப்புக்கு மெஷினும் வந்த பிறகு மம்பட்டிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் வயலின் மூலையைப் பார்த்ததில்லை. டிராக்டர் திரும்புகிற இடத்தில் நாலு மூலையும் உழாமல் கிடக்கும். அதை மம்பட்டியால்தான் கொத்த வேண்டும். வரப்பு செதுக்க, சேறு வைத்து வரப்பு அணைக்க, நண்டு துளைத்த ஓட்டையை மூட, மடை திறக்க, அடைக்க, தென்னைக்குத் தடம் எடுக்க, வாழைக்கு மண் அணைக்க, பாம்பு அடிக்க. கடைசி வேலையை ஆச்சி உயிரோடு இருந்தவரை அவள்தான் செய்தாள்.

போன தை மாதம் பாட்டாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாகர்கோவிலில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, முதுகெலும்பு அடியில் தேய்ந்திருக்கிறது, குனிந்து செய்கிற வேலை வேண்டாம் என்றார். ரத்தப் பரிசோதனையை நானே எடுத்தேன். லேப் டெக்னீஷியன் வேலைதான் எனக்கு. பாட்டாவுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு 5.5. 34 வயதான எனக்கு 6.1. இந்த விஷயத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

"வேலை செய்யப்பிடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று அப்பா அறிவித்துவிட்டு, அன்று ராத்திரியே மம்பட்டியை நெல் போடுகிற பத்தாயத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பாட்டா தேடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. காலை 4 மணிக்கு எழுந்து கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். 11 மணிக்குப் பழஞ்சியும் (பழைய கஞ்சி) காந்தாரி மிளகும் கொண்டுவைத்தால் பாதி மிச்சம் வைத்தார். வயலில் இருந்து வந்து குடிக்கும்போது சட்டியை வழித்துவிடுகிறவர். ஒரு மாதத்தில் 3 கிலோ குறைந்தது. அப்பாவுக்கு அது தெரியவில்லை, வேட்டியைக் கட்டிவிடுகிற எனக்குத் தெரிந்தது.

மாசி மாதம் ஒருநாள் பக்கத்து வயல்காரரின் மம்பட்டியை இரவல் வாங்கி மடை அடைக்கப் போயிருக்கிறார். அது கனமான, அகலமான மம்பட்டி. பிடித்துப் பழக்கமில்லாமல் கால் பெருவிரலில் போட்டுக்கொண்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். நாலு தையல், ஒரு டிடி ஊசி. அன்றைக்குத்தான் அப்பாவிடம் சண்டை போட்டேன். டாக்டர் வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை, குனிய வேண்டாம் என்றுதான் சொன்னார். இரண்டும் ஒன்றா?

அப்புறம் ஆரம்பித்தது கருவி தேடல்.

முதலில் சித்தப்பா ஒரு பிரஷ் கட்டர் வாங்கிக்கொடுத்தார். தோளில் மாட்டுகிற பெட்ரோல் மெஷின். பாட்டா பத்து நிமிடம் பிடித்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். "கையெல்லாம் தேனீ கொட்டினது போல விறுவிறுங்கு. அது என்னைப் பிடிச்சு ஆட்டுது, நான் அதைப் பிடிச்ச மாதிரி இல்ல" என்றார். புல் வெட்ட அருமையான சாதனம்தான், அப்பா இப்போது அதை வைத்து விளையைச் சுத்தம் செய்கிறார். ஆனால் அது மண்ணைத் தொடாது. பவர் வீடர் வாங்கலாம், வேளாண் பொறியியல் துறையில் சிறு குறு விவசாயிக்குப் பாதி மானியம் உண்டு என்றும் ஒரு யோசனை வந்தது. ஒரு முழ வாய்க்காலுக்குள் அதை எங்கே கொண்டு இறக்குவது?

ஆன்லைனில் நான் ஒரு மம்பட்டி வாங்கினேன், 449 ரூபாய். படத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்து அழகாக இருந்தது. வந்ததைப் பாட்டா விரல் நகத்தால் சுண்டிப் பார்த்தார். "தகரம்" என்றார். தகட்டை மெஷினில் அழுத்தி வளைத்த சாமான். விளையில் மூன்றாவது கொத்தில் கல் பட்டு முனை அப்பளம் போல மடங்கிவிட்டது. திருப்பி அனுப்பலாம் என்றால், மண் பட்ட சாமானை எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. மம்பட்டியில் மண் படாமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டு எழுதினேன், அதற்குப் பதில் இல்லை. அது இப்போது மாட்டுத் தொழுத்தில் சாணி அள்ளுகிறது. அந்த வேலைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம்.

அப்போதுதான் பாட்டா வாயைத் திறந்து, "பழைய மம்பட்டியத் தந்தா ஆசாரிட்ட குடுத்து மாத்தியடிக்கலாம்" என்றார். அதாவது பத்தாயத்துக்குப் பின்னால் இருப்பது அவருக்கு முதல் நாளே தெரியும்.

சித்திரை முதல் வாரம் ஒரு சனிக்கிழமை, ஸ்கூட்டரின் முன்னால் மம்பட்டியை வைத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். கணை, அதாவது மரப்பிடி, வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் திட்டுவிளைச் சந்தைக் கூட்டத்தில் இரண்டு பேரிடம் திட்டு வாங்கினேன். ஆசாரிக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மம்பட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆருக்கு பிள்ளே?"

"பாட்டாவுக்கு அண்ணாச்சி."

"வயலுக்கா, விளைக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும் ஒண்ணு ஆவாது. ஒண்ணச் சொல்லு."

வயல் மம்பட்டி அகலமாக, இலை (வெட்டுகிற இரும்புத் தகடு) மெல்லிசாக இருக்க வேண்டும். சேற்றில் ஒட்டாமல் வெட்டி இழுக்கும். விளையில் செம்மண்ணும் கல்லும். அங்கே இலை ஒடுக்கமாக, கனமாக இருந்தால்தான் முனை நிற்கும். ஒன்றை வைத்து இரண்டையும் செய்தால் இரண்டும் அரைகுறை. வயலுக்கு என்று சொன்னேன். அடுத்த கேள்வி வந்தது.

"ஆளு எம்புட்டு பொக்கம்?"

"அஞ்சேகால் அடி இருப்பாரு."

"நிமிந்து நின்னாலா, இப்பம் நிக்கது போல நின்னாலா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. "எந்தக் கை முன்ன பிடிப்பாரு?" என்று கேட்டார். அதற்கும் இல்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன். 61 வருடமாக அந்த மனிதர் மம்பட்டி பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர், "வலதுதான்... இல்ல, இடதோ?" என்றார். போனைப் பாட்டாவிடம் கொடுக்கச் சொன்னேன். "ரெண்டும்தான் மக்கா. ஒரு வரப்பு இந்தக் கை, அடுத்த வரப்பு அந்தக் கை. ஒரு பக்கமே கொத்தினா முதுகு கோணிப் போவும்லா" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஆசாரி மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆளைக் கூட்டிட்டு வா" என்றார்.

எனக்கு இந்தப் பட்டறை பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். நான் செருப்பு வாங்கப் போனால்கூட யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

அடுத்த நாளே பாட்டாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் மடியில் துணி சுற்றிய ஒரு கம்பு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் எங்கள் விளையில் விழுந்தவை மூன்று தென்னை, குலை தள்ளி நின்ற ஏத்தன் வாழை அத்தனையும், வேலியோரப் பூவரசும். மறுநாள் விடியும்போது எல்லாரும் கரண்ட் இல்லை, டவர் இல்லை என்று நின்றபோது பாட்டா வெட்டுக்கத்தியோடு விளைக்குள் இறங்கினார். அப்போதே 80 வயது. அந்தப் பூவரசில் ஒரு நேரான கிளையைத் தறித்து, பட்டை உரித்து, அடுக்களைப் பரணில் புகை படும்படிப் போட்டு வைத்தாராம். ஏழு வருடத்துக்கு மேலாக அது அங்கே கிடந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. "கணைக்கு ஆவும்னு வச்சேன்" என்றார்.

ஆசாரி அளவு எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். டேப் எடுக்கவில்லை. கரித்தூளை ஒரு சிரட்டையில் அள்ளி வந்து பாட்டாவின் இரண்டு உள்ளங்கையிலும் தடவினார். சீவாத ஒரு நீளக் கம்பைக் கொடுத்து, பட்டறை வாசல் மணலில் நிற்க வைத்து, "கொத்துங்க பாட்டா, முதுகு வளையாம எம்புட்டு முடியுமோ அம்புட்டு" என்றார். பாட்டா வெறும் கம்பால் மணலை மூன்று தரம் கொத்தினார். பிறகு கை மாற்றி மூன்று தரம். கம்பில் கை பிடித்த இடமெல்லாம் கருப்பாகப் பதிந்திருந்தது. மேல் கை பதிந்த இடத்திலிருந்து கம்பு மண்ணைத் தொட்ட முனை வரை தன் சாணால் அளந்தார். விரல்கள் மடங்கிய அளவைப் பார்த்து, "வலது கைல ஆள்காட்டி மடங்கல, கணை கொஞ்சம் தடியா வேணும்" என்றார். அந்த விரல் மடங்காது என்பதும் எனக்குப் புதுச் செய்தி. எட்டு வயதிலிருந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சுசீந்திரம் தேருக்குப் போனவள் நான்.

அவர் சொன்ன கணக்கு இது. பழைய கணையை விட ஒரு சாண் நீளமாகப் போட்டால் குனிவு குறையும். ஆனால் கணையை மட்டும் நீட்டினால், நிமிர்ந்து நின்று கொத்தும்போது இலை மண்ணைச் சுரண்டும், உள்ளே இறங்காது. அதற்காக இலையைக் கணையிலிருந்து கொஞ்சம் மலர்த்தி வைக்க வேண்டும். எடையையும் குறைக்க வேண்டும், தூக்கும் வேலையில் பாதி இடுப்புக்குப் போகிறது. பழைய இலையை மாற்றி அடிப்பதில் பயன் இல்லை, புதிதாகவே அடிக்கிறேன், கணை சேர்த்து 900 ரூபாய் என்றார். பிஎம் கிசானில் நாலு மாதத்துக்கு ஒருதரம் வருகிற 2,000 ரூபாயிலிருந்து பாட்டாவே எடுத்துக் கொடுத்தார். நான் பர்ஸைத் திறந்ததை அவர் பார்த்த பார்வையில் மூடிவிட்டேன்.

இனி குறைகள். வியாழக்கிழமை தருகிறேன் என்றார். வியாழன் போனால் உலையே மூட்டவில்லை, அக்காள் வீட்டுக் கல்யாணம். அடுத்த செவ்வாய் என்றார். செவ்வாய் போனால் கரண்ட் இல்லை, காற்று ஊத ப்ளோயர் ஓடாது. பழைய துருத்தி ஒன்று மூலையில் தோல் கிழிந்து கிடக்கிறது, அதைத் தைத்து வைக்கலாமே என்றால் சிரிக்கிறார். போன் எடுக்க மாட்டார். ஒவ்வொரு தரமும் 40 நிமிடம் ஸ்கூட்டர். 11 நாள் கழித்துப் போனபோதும் இலை கரியில் இறங்கவில்லை என்று தெரிந்ததும், முடித்துக் கொடுத்தால்தான் போவேன் என்று கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பார்த்ததுதான் இது.

இரும்பு, லாரியின் அடியில் இருக்கிற வில் பட்டையிலிருந்து வெட்டிய துண்டு. மேலே பெயிண்ட் ஒட்டியிருந்தது. சிரட்டைக்கரியில் அது முதலில் கத்திரிப்பூ நிறமாகி, பிறகு செம்பருத்தியாகி, பிறகு பழுத்த செந்துளுவன் வாழைப்பழத் தோல் உள்ளே விளக்கு வைத்தது போல ஆனது. ஆசாரி குறடால் பிடித்து அடைகல்லில் வைக்க, ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு வருடமாக அங்கே இருக்கும் பையன் சம்மட்டி போட்டான். இருவருக்கும் இடையே பேச்சு கிடையாது. ஆசாரி சின்னச் சுத்தியலால் ஒரு இடத்தில் தட்டினால் பையன் அதே இடத்தில் அடிப்பான். சுத்தியலை அடைகல்லில் சும்மா தட்டினால் நிறுத்துவான். தேவைப்பட்டால் "பைய", "போதும் மக்கா". பையனும் டீ கொண்டுவந்த கிழவியிடம், "எம்புட்டு பாட்டி?" என்றுதான் கேட்டான். நம் ஊர் பிள்ளைகள் சென்னைக்குப் போய் ஒரே வருடத்தில் விட்டுவிடும் சொல்.

இலை உருவம் பெற்றதும் முனைக்கு வலு ஏற்றினார். இதை நான் மூச்சு விடாமல் பார்த்தேன். மறுபடி சிவக்கக் காய்ச்சி, முனையில் இரண்டு விரக்கடை மட்டும் தண்ணீரில் தோய்த்தார். முழுதாக முக்கவில்லை. வெளியே எடுத்து, உடனே ஒரு கல்லில் முனையைத் தேய்த்து வெள்ளி போலப் பளபளப்பாக்கினார். மேல் பாகத்தில் சூடு இன்னும் இருக்கிறது, அது பைய முனையை நோக்கி இறங்குகிறது. அந்தப் பளபளப்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தது. பிறகு பழுப்பு. பிறகு ஊதா. ஆசாரி கண்ணாடியை இறக்கிவிட்டு அதையே பார்த்தபடி, யாரிடமோ சொல்வது போல, "மயில் கழுத்து வரணும்" என்றார். ஊதா நீலமாகும் நேரம் சட்டென்று முழு இலையையும் தண்ணீரில் போட்டார். மஞ்சளில் நிறுத்தினால் முனை கல் பட்டுச் சில்லு தெறிக்கும், நீலம் தாண்டினால் மடங்கும் என்றார். லேப்பில் நாங்கள் டைமர் வைத்துச் செய்கிற வேலையை அந்த மனிதர் நிறத்தை வைத்து ஏழெட்டு நொடிக்குள் முடித்தார். என் ஆன்லைன் மம்பட்டி ஏன் மடங்கியது என்று அந்த ஏழெட்டு நொடியில் புரிந்தது.

காசு விஷயம் ஒரு கூத்து. பாட்டா முன்பணமாக 500தான் கொடுத்திருந்தார், மீதி 400க்கு ஜிபே உண்டா என்று கேட்டேன். சுவரில் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் அது பெங்களூரில் இருக்கும் மகனின் கணக்கு. பணம் அனுப்பிய பிறகு ஆசாரி மகனுக்குப் போன் போட்டு, வந்துவிட்டது என்று அவன் சொன்னால்தான் சாமானைத் தருவார். அந்த நேரத்துக்கு மகன் மீட்டிங்கில் இருந்தான். இருபது நிமிடம் காத்திருந்தேன். ரொக்கம் கொண்டு போங்கள்.

கணையைப் பாட்டாவே மாட்டினார். கண்ணாடிச் சில்லால் இழைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, இரண்டு நாள் வெயிலில் வைத்து, ஆப்பு அடித்து இறுக்கினார். காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், பழையது 2 கிலோ 400, புதியது 1 கிலோ 700.

இப்போது ஆவணி. நாலு மாதம் ஆகிவிட்டது. முனையில் ஒரு சில்லும் போகவில்லை, மடங்கவும் இல்லை. கன்னிப்பூவுக்கு நாலு மூலையும் அந்த மம்பட்டிதான் கொத்தியது. காலையில் 6 மணியிலிருந்து 8 மணி வரை என்று எங்களுக்குள் ஒப்பந்தம். எட்டரைக்கு வருவார், மணி தெரியவில்லை என்பார். எடை 2 கிலோ ஏறியிருக்கிறது. இடுப்பு வலி போய்விட்டதா என்றால் இல்லை, சாயங்காலம் தைலம் தேய்க்கத்தான் செய்கிறேன். ஆனால் தை மாதம் போல் பிடித்துக்கொள்ளவில்லை.

பாட்டாவைக் கேட்டால் மூன்று நட்சத்திரம்தான் கொடுப்பார். அவர் குற்றச்சாட்டு நியாயமானது. இலை மலர்ந்திருப்பதால் வெட்டுகிறது, ஆனால் சேற்றைக் கோரி வரப்பில் வைக்க முடியவில்லை, பாதி வழியிலேயே நழுவி விழுகிறது. "வெட்டுக்கு ஒண்ணாந்தரம், அணைக்க ஆவாது" என்கிறார். ஆசாரி முதலிலேயே எச்சரித்திருக்கலாம் என்பது என் எண்ணம். போன மாதம் அப்பா பத்தாயத்துக்குப் பின்னால் தேங்காய் எடுக்கப் போனபோது பழைய மம்பட்டியை அங்கே காணவில்லை. அது வாய்க்கால் ஓரம், காம்பவுண்ட் சுவர் மறைவில், ஓலை போட்டு மூடி வைத்திருந்தது. வரப்பு அணைக்கிற நாளில் மட்டும் எடுப்பாராம். அப்பா கத்தினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆசாரியிடம் இலையைக் கொஞ்சம் உள்ளே வளைத்து அடித்து வாங்கலாம், 100 ரூபாய் ஆகும் என்று மட்டும் சொன்னேன்.

நான் கொடுப்பது நாலு. ஒன்று குறைத்தது அந்த 11 நாளுக்காகவும், பெண்கள் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லாததற்காகவும். போகிறவர்கள் பருத்தித் துணி உடுத்திப் போங்கள், பொறி தெறிக்கிறது, என் பாலியஸ்டர் சுடிதாரில் இரண்டு ஓட்டை. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் உலை இருக்காது. அமாவாசை அன்று மூட்டவே மாட்டார். யாருக்கு மம்பட்டியோ அந்த ஆளையே கூட்டிப்போவது நல்லது, இல்லாவிட்டால் என்னைப் போல் இரண்டு நடை. ஒரு சாக்கு சிரட்டை கொண்டுபோனால் கூலியில் 40 ரூபாய் கழிப்பார்.

வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறோம். இலையை வளைக்க வேண்டும், கன்னிப்பூ அறுப்புக்கு முன்னால் நாலு கருக்கரிவாளுக்குப் பல் வெட்ட வேண்டும். மெஷின் வந்து அறுத்தாலும் மூலையும் வரப்போரமும் கையால்தான். பாட்டா நேற்றே இரண்டு சாக்குச் சிரட்டையைக் கட்டித் திண்ணையில் வைத்துவிட்டார். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் வைத்தால் அவரை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டேன். சாக்குக்கு மேலே என்கிறார்.